சுணங்கு, பசலை, தேமல்: பூச்செடிகளின் வைரஸ் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழிலுக்குள் அடக்கப்பட்டுவிட்ட ஒரு வட்டாரத்தில் இருந்துகொண்டு, பூச்செடிகளுக்கு வரும் வைரஸ்களின் வரலாற்றை எழுத என்ன முகாந்திரம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 'ஏன்யா, எழுதறதுக்கு வேற விஷயமே இல்லையா?' என்ற கேள்வி ஏற்கெனவே வந்தும்விட்டது. அழகு எது, நோய் எது, இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்கும் உரிமை யாருடையது என்று சிறுபத்திரிகைகளில் நெடுங்காலமாக விவாதித்து வருகிறோம். அந்த விவாதம் அநேகமாக இலக்கியப் பிரதிகளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு செடியின் இலையில் விழும் மஞ்சள் புள்ளியை வைத்து அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே என் அக்கறை.

தமிழ் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். உடம்பின் மேல் படரும் நிறமாற்றத்துக்குச் சங்கப் பிரதிகளில் இரண்டு முக்கியமான சொற்கள் உண்டு. ஒன்று சுணங்கு. இளம்பெண்ணின் மார்பிலும் தோளிலும் சிதறிக் கிடக்கும் பொன்னிறப் புள்ளிகள். வேங்கைப் பூவின் இதழோடும் தாதோடும் ஒப்பிடப்படுவது. முழுக்க முழுக்க அழகு. மற்றொன்று பசலை. தலைவன் பிரிந்ததால் நெற்றியிலும் தோளிலும் ஏறும் வெளிறிய நிறம். பீர்க்கம்பூவோடு ஒப்பிடப்படுவது, நோய். திருக்குறளில் இதற்கென்றே 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் மஞ்சள்தான், இரண்டுக்கும் உவமை பூதான். ஆனால் தலைவன் அருகிலிருந்து பார்த்தால் அந்த மஞ்சள் சுணங்கு. அவன் பார்க்க இல்லாதபோது வருகிற மஞ்சள் பசலை. நிறத்தின் பெயரைத் தீர்மானிப்பது பார்க்கிற ஆண் எங்கே நிற்கிறான் என்பதே.

மூன்றாவது சொல் தேமல். சுணங்கு என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் தரும் பொருள் இது. இன்றைய பேச்சில் தேமல் என்றால் மருந்து தடவிப் போக்க வேண்டிய தோல் நிறமாற்றம். அழகாக இருந்த சொல் எப்போதோ நோய்க்குள் இறங்கிவிட்டது. அங்கேயும் நிற்கவில்லை, செடிக்குப் போயிற்று. மரவள்ளித் தேமல், உளுந்தில் மஞ்சள் தேமல், வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் என்று வேளாண்மைத்துறைத் துண்டுப்பிரசுரங்கள் எழுதுகிற தேமல்கள் எல்லாமே வைரஸ் நோய்கள். துவரைக்கு வருவதற்கு 'மலட்டுத் தேமல்' என்று பெயர். செடி காய்க்காவிட்டால் அதையும் மலடு என்றுதான் நம் மொழி சொல்லுகிறது.

இதை நாம் மட்டும் செய்யவில்லை. செடி வெளிறுவதற்கு ஐரோப்பிய அறிவியலில் 'குளோரோசிஸ்' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதே சொல் கல்யாணமாகாத இளம்பெண்களுக்கு வரும் சோகைக்கும் பெயராக இருந்தது. அதற்கு முன்பே, 1554இல், ஜெர்மானிய மருத்துவர் யோஹன்னஸ் லாங்கே அதைக் கன்னியர் நோய் என்று எழுதியிருந்தார். கல்யாணத்தையே சிகிச்சையாகவும் பரிந்துரைத்தார். பசலைக்கு நம் தோழி சொன்ன மருந்துதான். பெண்ணின் உடலையும் செடியின் உடலையும் ஒரே சொல்லால் வாசித்த இந்த இரண்டு மரபுகளையும் பின்னணியில் வைத்துக்கொண்டு பூக்களுக்குப் போகலாம்.

2

துலிப் பூவின் கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரியும். பேராசையின் நீதிக்கதையாகச் சொல்லப்பட்டுத் தேய்ந்துபோன கதை அது. அதற்குள் இருக்கும் வைரஸ்தான் இங்கே முக்கியம்.

துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த துலிப்பை 1590களில் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் வளர்த்தவர் கரோலஸ் குளூசியஸ். ஒரே நிறத்தில் பூத்துக்கொண்டிருந்த கிழங்கு ஏதோவொரு வருஷம் திடீரென வெள்ளையிலோ மஞ்சளிலோ சிவப்புத் தீக்கொழுந்துக் கோடுகளோடு பூப்பதை அவர் கவனித்து எழுதினார். அப்படிப் பூத்த செடி படிப்படியாக நலிந்துபோவதையும் சேர்த்தே எழுதினார். அழகும் நலிவும் ஒன்றாக வருகின்றன என்ற அவதானிப்பு 1600 வாக்கிலேயே பதிவாகிவிட்டது. தோட்டக்காரர்கள் இதை 'உடைதல்' என்றார்கள். நிறம் உடைகிறது என்று அர்த்தம்.

உடைந்த துலிப்புக்குத்தான் விலை. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்ட 'செம்பர் அகஸ்டஸ்' என்ற ரகத்தின் ஒரே ஒரு கிழங்குக்கு 1630களில் 10,000 கில்டர் வரை விலை பேசப்பட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் கால்வாயோரம் ஒரு பெரிய வீடு வாங்கக்கூடிய தொகை. 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது. நாடே திவாலானது என்று பின்னால் பரவிய கதை மிகை என்பதை ஆன் கோல்ட்கர் ஆவணங்களைத் தோண்டி 2007இல் ஒரு நூலில் காட்டிவிட்டார். அடிபட்டவர்கள் சிலர்தான், ஒழுக்க போதனைத் துண்டுப்பிரசுரங்களே அதைத் தேசியப் பேரழிவாக ஊதிப் பெருக்கின.

நமக்கு வேண்டிய கேள்வி வேறு. ஏன் அவ்வளவு விலை? அரிது என்பதால். ஏன் அரிது? துலிப் கிழங்கு பக்கத்தில் சின்னச் சின்னக் கிழங்குகளை ஈன்று பெருகும். உடைந்த கிழங்கு நோயாளிக் கிழங்கு, ஆகவே குறைவாகவே ஈனும். விதை போட்டும் அந்தக் கோட்டைப் பெற முடியாது. ஆக, பூவில் கோடு போட்டது எதுவோ அதுவே அந்தப் பூ பெருகாமலும் தடுத்தது. ஒரே வைரஸ் அழகையும் உண்டாக்கிப் பஞ்சத்தையும் உண்டாக்கியது. சந்தை இரண்டையும் சேர்த்து விலை போட்டது. செடி செத்துக்கொண்டிருப்பதுதான் அதன் மதிப்பு என்ற நிலை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மேலே போகக் கூடாது. துலிப் வாங்கியவர்கள் வணிகர்களும் வசதியான கைவினைஞர்களும். அவர்களின் நகரங்களைச் செழிக்க வைத்த வணிகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பங்கு உண்டு. கம்பெனி 1610இலேயே பழவேற்காட்டில் கால் ஊன்றிவிட்டது. சோழமண்டலக் கரைத் துணியை வாங்கி, அதைக் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் வாசனைத் திரவியம் வாங்கியது. 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அதன் கைக்குப் போயின. துலிப் மோகத்தை ஐரோப்பாவின் உள்விவகாரமாக எழுதும் வரலாறு நெசவாளிகளின் கையை அழித்துவிட்டு எழுதப்படுகிற வரலாறு. அதே கம்பெனியின் மலபார் அதிகாரி வான் ரீட் 1678க்கும் 1693க்கும் இடையே 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற 12 தொகுதித் தாவர நூலைக் கொண்டுவந்தார். அதன் அறிவுக்கு அடித்தளம் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். கள்ளிறக்குகிற சாதி என்று தள்ளிவைக்கப்பட்டவர்களின் ஓலைச்சுவடி லத்தீனில் ஏறியது இப்படித்தான்.

3

துலிப் எல்லோருக்கும் தெரிந்த கதை. மல்லிகை தெரியாத கதை.

1714இல் இங்கிலாந்தில் ஜான் லாரன்ஸ் என்ற தோட்டக்காரப் பாதிரியார் ஒரு சோதனையை விவரித்தார். அடியிலிருந்து இரண்டு மூன்று கிளை பிரிந்த சாதாரண மல்லிகைக் கொடி ஒன்றை எடுத்து, மஞ்சள் கோடு போட்ட மல்லிகையின் மொட்டை ஒரு கிளையில் ஒட்டுக்கட்டினால், அந்த ஒரு கிளை மட்டும் அல்ல, ஒட்டுக்கட்டாத மற்றக் கிளைகளிலும் வரிவரியாக மஞ்சள் இலை வரும். நம் குண்டுமல்லி அல்ல இது, ஐரோப்பியத் தோட்டங்களில் வளரும் வெள்ளை மல்லிகை. வைரஸ் நோய் ஒன்றை ஒட்டுக்கட்டிப் பரப்பிக் காட்டிய ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்றாக இன்றைய பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.

ஆனால் லாரன்ஸ் நோயைத் தேடவில்லை. செடிக்குள் சாறு ஓடுகிறது என்று நிரூபிக்கப் பார்த்தார். மஞ்சள் கோடு அவருக்கு ஒரு சாயம் மாதிரி, சாறு எங்கெங்கே போகிறது என்று காட்டும் அடையாளம். கண்ணுக்கு முன்னால் தொற்று நடக்கிறது. அதைத் தொற்று என்று வாசிக்கிற சொல்லாடல் அன்று இல்லை. செடி வளர்ப்பவனுக்கோ அது அலங்காரம், காசு கொடுத்து வாங்குகிற இலை.

அடுத்தது துத்தி. நம்மூர் வேலியோரத் துத்தியின் உறவுக்கார அலங்காரச் செடி ஒன்று 1868இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. பச்சையும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டிய இலை. நாற்றுப்பண்ணைகள் அதைப் புது ரகமாக விற்றன. 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் பாவர் அதை ஆராய்ந்தார். விதை வழியாக அந்த நிறம் இறங்கவில்லை, ஒட்டுக்கட்டினால் ஒட்டிக்கொள்கிறது. பரம்பரைக் குணமாக இருந்தால் இப்படி இருக்காது. 'தொற்றும் குளோரோசிஸ்' என்று பெயரிட்டார். ரகம் என்று விற்கப்பட்டது நோய் என்றானது. இலை மாறவில்லை, கேள்வி மாறியது.

இந்தத் துத்தி வைரஸின் பிற்காலக் கதை இன்னும் சுவாரஸ்யமானது. இந்த வகை வைரஸ்களை இயற்கையில் பரப்புவது வெள்ளை ஈ. அலங்காரத் துத்தியில் நூறு வருஷத்துக்கு மேல் பதியன் போட்டும் துண்டு நட்டும் காப்பாற்றப்பட்ட வைரஸோ, தன் மேலுறைப் புரதத்தில் சில மாற்றங்கள் நேர்ந்து, வெள்ளை ஈயால் கடத்தப்படும் திறமையையே இழந்துவிட்டது. அதற்கு ஈ தேவைப்படவில்லை. தோட்டக்காரனின் கத்தியும் வாங்குகிறவனின் ரசனையும் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. ரசனையே ஒரு நோய்கடத்தி ஆக முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

4

'வைரஸ்' என்ற சொல் லத்தீனில் நஞ்சு. இன்றைய அர்த்தத்தில் அது உருவானது புகையிலையில். 1886இல் அடோல்ஃப் மேயர் நோய் கண்ட புகையிலைச் செடியின் சாற்றை நல்ல செடிக்குள் ஏற்றி நோயை வரவழைத்தார். 'மொசைக்' என்ற பெயரையும் வைத்தார். 1892இல் ருஷ்யாவில் இவானோவ்ஸ்கி, பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியில் ஊற்றிய பிறகும் அந்தச் சாறு தொற்றுகிறது என்று காட்டினார். 1898இல் டெல்ஃப்ட் நகரில் பேயரிங்க், இது உயிருள்ள செல்லுக்குள் மட்டும் பெருகும் ஏதோ ஒன்று என்று வாதிட்டு, 'தொற்றும் உயிர்த்திரவம்' என்ற பொருளில் பெயரிட்டார். 1935இல் ஸ்டேன்லி அதைப் படிகமாக்கினார். 1939இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குச்சி குச்சியாகப் படம் வந்தது. உயிரா, பொருளா என்ற இருமை எதிர்வு அங்கேயே ஆட்டம் கண்டது.

பூவுக்கு இந்த அறிவு வந்துசேர்ந்தது 1928இல். லண்டனுக்குப் பக்கத்தில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் டொரோதி கேலி என்ற பெண் விஞ்ஞானி, உடைந்த துலிப் கிழங்கின் சதையை நல்ல கிழங்கில் பொருத்தி வளர்த்தார். நல்ல கிழங்கும் உடைந்து பூத்தது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஆராய்ந்தார்கள். பரப்புவது அசுவினிப் பூச்சி என்பதும் துலங்கியது. 1637இன் சந்தை எதை விற்றது என்று 291 வருஷம் கழித்துத் தெரிந்தது. துலிப்பின் அடிநிறம் எப்போதும் வெள்ளையோ மஞ்சளோதான். அதன் மேல் சிவப்பு, ஊதா நிறமிகள் ஒரு படலமாகப் படிகின்றன. வைரஸ் அந்தப் படலத்தை அங்கங்கே படியவிடாமல் தடுக்கிறது. கோடு என்று நாம் ரசிப்பது நிறம் வராத இடம்.

கண்டுபிடித்ததும் டச்சு வணிகம் உடைந்த துலிப்புகளை மெல்ல விலக்கியது. பண்ணையில் பக்கத்து வயலுக்குப் பரவிவிடும் என்ற பயம். இன்று 'ரெம்பிராண்ட் துலிப்' என்று விற்பவை வைரஸ் இல்லாமல், கோடு மட்டும் வரும்படி கலப்புச் செய்து உருவாக்கியவை. நோய் வேண்டாம், நோயின் சாயல் வேண்டும்.

அடையாளம் காண்பது என்பது ஒருமுறை நடந்து முடிகிற காரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்டர் என்ற தோட்டப்பூவுக்கு வரும் மஞ்சள் நோயை 1926இல் குங்கல் ஆராய்ந்து, தத்துப்பூச்சி அதைப் பரப்புகிறது என்று காட்டினார். வடிகட்டியில் தங்காதது, பூச்சியால் பரவுவது. ஆகவே வைரஸ் என்றார்கள். நாற்பது வருஷம் அது வைரஸாகவே இருந்தது. 1967இல் ஜப்பானில் தோயியும் கூட்டாளிகளும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்த வகை நோய்ச் செடிகளின் குழாய்த்திசுவில் இருந்தவை செல்சுவரில்லாத ஒருவகை நுண்ணுயிர்கள். குடகிலும் மைசூரிலும் சந்தன மரங்களைக் கொன்ற 'ஸ்பைக்' நோயும் 1969இல் அதே வரிசைக்கு மாறியது. இன்று அவற்றுக்கு ஃபைட்டோபிளாஸ்மா என்று பெயர். சாமந்தியைக் குட்டையாக்கும் நோய் வேறு திசையில் போனது. 1940களில் அமெரிக்காவில் பரவிய அதற்குக் காரணம், புரத உறைகூட இல்லாத வெறும் ஆர்.என்.ஏ. இழை என்று 1970களில் தெரிந்து, 'வைராய்டு' என்ற தனி இனத்தில் சேர்ந்தது.

நம் நண்பர்களில் ஒரு சாரார் இதைக் கேட்டால், 'பார்த்தீர்களா, எல்லாம் சொல்லாடல்தானே' என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெயர் மாறியது, வகைப்பாடு மாறியது. கேலி பொருத்திய கிழங்கு உடைந்தது மட்டும் யாருடைய சொல்லாடலுக்கும் காத்திருக்கவில்லை. அறிவியல் தன் தவறைத் திருத்திக்கொண்டது அதிகாரம் கைமாறியதால் அல்ல, வேறு வகையில் பார்க்க முடிந்ததால். எந்தச் செடியைப் பார்ப்பது, யார் செலவில் பார்ப்பது என்பதில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது. ஃபூக்கோவை வாசித்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இந்த இரண்டாவது விஷயத்தை என்றே நினைக்கிறேன்.

5

வைரஸை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? கண்ணுக்குத் தெரியாது. இலையின் அறிகுறியை நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைந்தாலும் இலை வெளிறும். ஆகவே சாட்சி வேண்டும். சந்தேகப்பட்ட இலையை அரைத்துச் சாறெடுத்து, வேறு சில செடிகளின் இலையில் லேசாகத் தேய்க்கிறார்கள். அந்தச் செடிகள் புள்ளி காட்டுகிறதா, சுருள்கிறதா, சும்மா இருக்கிறதா என்று பார்த்து, எந்த வைரஸ் என்று ஊகிக்கிறார்கள். 1929இல் ஹோம்ஸ் என்பவர், புகையிலையின் உறவுச் செடி ஒன்றில் விழும் புள்ளிகளை எண்ணியே சாற்றில் எவ்வளவு வைரஸ் என்று மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார்.

யார் அந்தச் சாட்சிகள்? உலக ஆய்வுக்கூடங்களில் உபயோகமாகிற செடிகளின் பட்டியலைப் பார்த்தால் நமக்குப் பழக்கமானவை வருகின்றன. ஊமத்தை. வாடாமல்லி. தட்டைப்பயறு. நித்தியகல்யாணி. இதில் நித்தியகல்யாணிக்குச் 'சுடுகாட்டு மல்லி' என்றே இன்னொரு பெயர் உண்டு. வீட்டு முற்றத்தில் வைக்கக் கூடாது, சாமிக்கு ஆகாது என்று தள்ளிவைக்கிற வீடுகள் உண்டு. ஊமத்தை சிவனுக்கு மட்டும். வாடாமல்லி மணமில்லாத பூ. மாலைக் கடையின் படிவரிசையில் கீழே இருப்பவை ஆய்வுக்கூடத்தில் முதல் சாட்சிகளாக நிற்கின்றன, தம் இலையில் புண்ணை வாங்கிக்கொண்டு. ரோஜாவும் லில்லியும் விற்பனைக்குப் போகின்றன.

பிறகு நுட்பம் வளர்ந்தது. முயலுக்குள் வைரஸைச் செலுத்தி எதிர்ப்புரதம் எடுத்துச் செய்கிற எலிசா சோதனையை 1977இல் கிளார்க்கும் ஆடம்ஸும் தாவர வைரஸுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தார்கள். அதன் பின் பி.சி.ஆர்., மரபுக்குறி முழுவதையும் வாசிக்கும் எந்திரங்கள். இப்போது ஒரு வைரஸைக் 'குணநிர்ணயம்' செய்வது என்றால் அதன் மரபெழுத்துகளை வரிசைப்படுத்தி, தெரிந்த வைரஸ்களோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று சொல்வது. சாட்சிச் செடியிலிருந்து பிரதி ஒப்பீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சுவடி ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கிற பதிப்பாசிரியருக்கு இந்த வேலை அந்நியமாகத் தோன்றாது.

பெயர் வைப்பதிலும் ஒரு அரசியல் இருக்கிறது. எந்தச் செடியில் முதலில் கண்டார்களோ அதன் பெயரே வைரஸுக்கு. வெள்ளரித் தேமல் வைரஸ் என்று 1916 முதல் அறியப்பட்டது 1,000க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்குகிறது. சாமந்தியும் அதில் அடக்கம். கிளாடியோலஸ் பூவில் கோடு போடுவது அவரை மஞ்சள் தேமல் வைரஸ். பூவின் நோய்க்குப் பயிரின் பெயர். காசுள்ள பயிர் நோய்ப்பட்டபோதுதான் ஆராய்ச்சி தொடங்கியது என்ற வரலாறு இந்தப் பெயர்களில் உறைந்திருக்கிறது. 2021இல் சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு, எல்லா வைரஸ் இனங்களுக்கும் இரட்டைப் பெயர் வேண்டும் என்று முடிவெடுத்தது. இனி அதிலும் லின்னேயஸ் பாணிதான்.

6

இனி நம் பக்கம். இந்தியாவில் அலங்காரப் பூக்களின் வைரஸ்களைத் தொடர்ந்து ஆராய்ந்த இடங்களில் ஒன்று லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம். சாமந்தியில் வெள்ளரித் தேமல், கிளாடியோலஸில் அவரைத் தேமல் போன்றவற்றை அங்கே அடையாளம் கண்டார்கள். அந்த நிறுவனம் இருக்கும் இடம் சிக்கந்தர் பாக். நவாப் வாஜித் அலி ஷா தன் பேகத்துக்காக அமைத்த பூந்தோட்டம். 1857 நவம்பர் 16 அன்று ஆங்கிலேயப் படை உள்ளே புகுந்து ஏறக்குறைய 2,000 கிளர்ச்சி வீரர்களைக் கொன்றது அங்கேதான். பாசி என்ற தலித் சாதியைச் சேர்ந்த உதா தேவி அரசமரத்தில் ஏறி நின்று சுட்டு, பிறகு வீழ்ந்தது அங்கேதான் என்று மக்கள் வழக்காறு சொல்கிறது. 1953இல் அந்தத் தோட்டம் சி.எஸ்.ஐ.ஆர். வசம் வந்தது, 1978இல் இப்போதைய பெயர் பெற்றது. அலங்காரத் தோட்டம் என்பதை அரசியலற்ற இடமாக எண்ணுகிறவர்கள் அந்த மண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னும் பக்கத்தில், திருத்தங்கலிலிருந்து இரண்டு மணிநேர பஸ் பயணத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே ஜாய்ஸ் ஜோஸும் ஆர். உஷாவும் வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலை ஆராய்ந்து 2003இல் முக்கியமான முடிவொன்றை வெளியிட்டார்கள். 1924இல் பம்பாய் மாகாணத்தில் குல்கர்னி விவரித்த பழைய நோய் அது. வைரஸின் டி.என்.ஏ.வை மட்டும் செடிக்குள் செலுத்தினால் வழக்கமான அறிகுறி வருவதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு சின்னத் துணை டி.என்.ஏ.வும் சேர்ந்தால்தான் இலை நரம்பு பொன்னாக மஞ்சளிக்கிறது. நோய் என்பது ஒற்றை எதிரியின் வேலையாக இல்லாமல் ஒரு கூட்டணியின் வேலையாக இருக்கிறது. வெண்டை, செம்பருத்தியின் குடும்பம். 2010இல் அதே ஆய்வுக்குழு, சீதேவி செங்கழுநீர் என்கிற பூவாங்குறுந்தலில் மஞ்சள் நரம்பு நோய் உண்டாக்கும் வைரஸ் ஒரு தனி இனம் என்று காட்டியது. கேரளத்தில் தசபுஷ்பம் பத்தில் ஒன்றாகச் சூடப்படுவது, இங்கே வரப்போரத்தில் கால்பட்டுக் கிடப்பது. களை என்று தள்ளியதையும் யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

அதே 2003இல் உலக அளவில் ஒரு செய்தி வந்தது. ஜப்பானியப் பேரரசி கோகென் 752இல் இயற்றிய ஒரு கவிதை, கோடையிலேயே ஒரு செடி மஞ்சளித்துக் கிடப்பதைச் சொல்கிறது. அந்தச் செடிக்கு வரும் மஞ்சள் நரம்பு நோய்க்குக் காரணம் வைரஸும் துணை டி.என்.ஏ.வும் என்று ஜான் இன்னெஸ் ஆய்வாளர்கள் ஜப்பானியக் கூட்டாளியோடு நிரூபித்து, அதுவே எழுத்தில் பதிவான மிகப் பழைய தாவர வைரஸ் நோய் என்று அறிவித்தார்கள். கேலி வேலை பார்த்த அதே நிறுவனம். உடனே நம்மவர்கள் பீர்க்கம்பூவையும் பசலையையும் தூக்கிக்கொண்டு, 'சங்கத் தமிழர் அன்றே வைரஸ் அறிந்தனர்' என்று கிளம்பிவிட வேண்டாம். பேரரசிக்கு வைரஸ் தெரியாது. செடி மஞ்சளித்தது தெரியும். கவிதை சாட்சியம் சொல்லலாம், நோய்நிர்ணயம் செய்யாது. பசலை மனுஷியின் துயரம். அதைச் செடிநோயாக்கிப் பெருமை தேடுவது அவளை மறுபடியும் வாயடைப்பது.

7

நான் சொல்ல வந்தது தூய்மை பற்றி. இந்த வட்டாரத்தில் பூ என்றால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனம். சாமிக்குப் போகிற பூவை மனுஷி சூடக் கூடாது என்ற விதியையும், அதை மீறியவளையே கடவுளாக்கி மீறலை விதிவிலக்காக அடைத்துவைத்த சாமர்த்தியத்தையும் ஒருசேரக் கொண்ட ஊர். இரண்டாவது, சிவகாசி அச்சு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சு என்று வளர்ந்து, காலண்டர்ப் படங்களாக நாடெங்கும் போனது. காலண்டரில் பூக்கிற ரோஜாவுக்குத் தேமல் கிடையாது. பூச்சி அரித்த இலை கிடையாது. பட்டாசிலும் ஒரு பூச்சட்டி உண்டு. எந்த நோயும் வராமல் அரை நிமிஷம் பூத்துவிட்டு அணைந்துவிடும். மருந்து இடித்து அடைத்த கைகளின் நோய் அந்த வெளிச்சத்தில் தெரியாது.

தூய செடி என்பது இயற்கையில் கிடைப்பதில்லை என்பதை வைரஸ் வரலாறு காட்டுகிறது. அதைத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. 1952இல் பிரான்சில் மோரெலும் மார்ட்டினும், வைரஸ் பீடித்த டேலியாச் செடியின் வளர்நுனியில் ஊசிமுனையளவு திசுவை வெட்டிக் கண்ணாடிக் குழாயில் வளர்த்து, வைரஸ் இல்லாத டேலியாவைப் பெற்றார்கள். இன்றைய திசு வளர்ப்பு வணிகம் இங்கிருந்து வருகிறது. மகத்தான சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தூய கன்று வெளியே நட்டவுடன் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் முன்னால் மறுபடி சாதாரணச் செடிதான். தூய்மையைத் தக்கவைக்க வலைக்கூடாரம் வேண்டும், திரும்பத் திரும்பக் கன்று வாங்கக் காசு வேண்டும். தூய்மை என்பது ஆதியில் இருந்து பின்னால் கெட்டுப்போன ஒன்று இல்லை; செலவு செய்து, வேலி கட்டி, காவல் போட்டு உண்டாக்கப்படுவது. சாதித்தூய்மை பேசுகிறவர்கள் செடியை உதாரணம் காட்டிப் பேசும் பழக்கம் நம்மிடையே இன்னும் சாகவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். செடியின் சரித்திரம் அவர்கள் பக்கம் இல்லை.

வைரஸ் வந்த செடிக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எரிப்பது ஒன்றே வழி என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. வயலில் அது சரி. வயலின் மொழி அரசியலுக்குள் வரும்போதுதான் ஆபத்து. 'களையெடுப்பு' என்ற சொல் இயக்கங்களின் வாயில் ஏறி என்ன செய்தது என்பதை ஈழத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோய் என்று பெயரிடப்பட்டவர்கள் பிடுங்கப்பட்டார்கள். செடியில் நோய் எது என்று சொல்லவே சாட்சிச் செடிகளும் ஒட்டுக்கட்டலும் வருஷக்கணக்கான பொறுமையும் வேண்டியிருந்தது. ஆஸ்டர் நோயில் நாற்பது வருஷம் கழித்துத் தீர்ப்பைத் திருத்தினார்கள். மனுஷர்கள் விஷயத்தில் தீர்ப்பு ஒரே ராத்திரியில் எழுதப்பட்டது. திருத்திக்கொள்ள ஆள் மிஞ்சவில்லை.

கடைசியாக ஒரு வேலைத்திட்டம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவின் மணத்துக்கும் பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அந்தப் பூவை வளர்க்கிறவர்களும் கிள்ளுகிறவர்களும் செடியின் நோய்க்கு வைத்திருக்கும் சொற்களை யாரும் முறையாகத் தொகுத்ததாக நான் பார்க்கவில்லை. 'மஞ்சப் பாய்ஞ்சிருக்கு', 'இலை சுருட்டுது', 'தேமல் விழுந்திருக்கு', 'செடி மலடாயிருச்சு' - இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலைகளைக் குறிக்கும் கறாரான அவதானிப்புகள். ஆய்வுக்கூடத்தின் முதல் தகவல் அறிக்கை இந்த வாய்களிலிருந்துதான் வருகிறது, ஆனால் கட்டுரையில் அவை இடம்பெறுவதில்லை. 'மலடு' போன்ற சொற்களை அப்படியே ஏற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தொகுத்தால்தான் விமர்சிக்கவும் முடியும். கனகாம்பரம், அரளி, செவ்வந்தி, மல்லி என்று பூவாரியாக, ஊர்வாரியாக இந்தச் சொற்களைச் சேகரிக்க விரும்பும் நண்பர்கள் எழுதலாம். விருதுநகர் மாவட்டத்திலிருந்து என் பங்கைத் தொடங்கியிருக்கிறேன்.